புனலூருக்குத் தனியாக: ஜீப்பில் போன காசும் பார்டர் பரோட்டாவும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். கேரளத்துப் புனலூர்ப் பக்கம் ஆரியங்காவிலிருந்து ரோஸ்மலை என்ற காட்டு மலைக்கு ஜீப் வாடகை 2,000 ரூபாய். அதுவும் 2,500-இல் ஆரம்பித்தது. நான் கோபித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து காட்டியதால் குறைந்தது. "ஒருத்தர் போனாலும் ஆறு பேர் போனாலும் டீசல் ஒண்ணுதானே சாரே" என்றார் டிரைவர். நியாயம்தான். தனியாக ஊர் சுற்றுகிறவன் ஐந்து காலி சீட்டுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டுப் பாதை. அதைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்காக. ஓடையில் இறங்கி ஏறி, பாறையில் தாவி, இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்குக் கேட்டது. மேலே வாட்ச் டவரில் நின்றால் தென்மலை அணையின் நீர்ப்பரப்பும் அதில் மிதக்கும் குட்டித் தீவுகளும் தெரியும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வெள்ளை. முழு வெள்ளை. ஆகஸ்ட் மாத மழை மேகம் டவரையே விழுங்கியிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றேன். காலில் ஏறிய அட்டை மூன்று. கீழே வந்ததும் வெயிட்டிங் சார்ஜ் 300 என்றார் அந்தப் புண்ணியவான். ஏறும்போது அப்படி ஒரு பேச்சே இல்லை. சண்டை போடத் தெம்பில்லாமல் கொடுத்துத் தொலைத்தேன்.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: ரோஸ்மலை வேண்டாம். ஆறு பேர் சேர்ந்தால், மழை விட்ட மாதத்தில் போங்கள்.

இனி ஒழுங்காக முதலிலிருந்து.

மதுரையில் குருவாயூர் எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டியில் ஏறினேன். புனலூர் வரைக்கும் நூறு ரூபாய்க்குள்தான். செங்கோட்டை வரை தூங்கினேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செங்கோட்டையில் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டுகிறார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, பகவதிபுரம் தாண்டி ரயில் மலைக்குள் நுழைகிறது. அப்புறம் ஐம்பது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மெதுவாகப் போகிறதே என்று ஒருவர்கூட அலுத்துக்கொள்ளவில்லை. குகை வந்தால் பெட்டியே ஊளையிடுகிறது. பொடியன்கள் மட்டுமல்ல, வேட்டி கட்டிய பெரியவர் ஒருவரும்! 1904-இல் மீட்டர் கேஜாகப் போட்ட பாதை இது. அகலப்பாதையாக்குவதற்காக மூடி, 2018-இல்தான் முழுசாகத் திறந்தார்கள். இந்தப் பக்கத்துக்கு வந்து ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் கதவோரம் இடம் பிடித்து இந்த ரயிலில் போங்கள். 2,300 ரூபாயில் எனக்குக் கிடைக்காத காடு இங்கே டிக்கெட்டோடு இலவசம்.

புனலூரில் லாட்ஜ் தேடியது இன்னொரு கதை. தனி ஆண் என்றாலே ஆதாரை இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிறார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு வயசாளி, "ஒத்தைக்கோ?" என்று கேட்டுவிட்டு, 600 ரூபாய்க்கு ஃபேன் ரூம் கொடுத்தார். கொசு இலவசம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். புளிக்குக் குடம்புளி போட்ட குழம்பு; வெறும் தண்ணீருக்குப் பதில் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர். அன்றைய தூக்கத்துக்கு அந்தச் சாப்பாடே காரணம், மெத்தை அல்ல.

காலையில் தூக்குப்பாலம். கல்லடை ஆற்றின் மேலே ஆல்பர்ட் ஹென்றி என்ற இஞ்சினியர் கட்டி 1877-இல் முடித்தது. இரண்டு பக்கமும் கோட்டை வாசல் மாதிரிக் கல்தூண்கள், நடுவே இரும்புச் சங்கிலிகள் பலகைத் தளத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பலமானதுதானா என்று ஜனங்கள் பயந்தபோது, மேலே ஆறு யானைகளை நடக்கவிட்டு, கீழே படகில் இஞ்சினியரே குடும்பத்தோடு போய்க் காட்டினார் என்று ஊரில் கதை. உண்மையோ பொய்யோ, இன்றைக்குப் பாலம் கட்டுகிற சிலரையும் அப்படிப் படகில் உட்காரவைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இப்போது வண்டிகளெல்லாம் பக்கத்துக் கான்கிரீட் பாலத்தில் போகின்றன. இதில் நடக்கிறவர்கள் மட்டும். பலகை இடுக்கில் கலங்கலாக ஆறு ஓடுவது தெரிகிறது. புனல் ஓடும் ஊர். பெயரை விளக்க நமக்கு யாரும் வேண்டியதில்லை.

பஸ்ஸில் கழுதுருட்டி இறங்கினால் ரோட்டோரமே பதிமூன்று கண் பாலம். கருங்கல் தூண்கள்மேல் வளைவு வளைவாக ரயில் பாதை. ரயில் வரும் நேரம் பார்த்துப் போங்கள். நான் பார்க்காமல் போய் வெறும் பாலத்தைப் படம் எடுத்தேன். தென்மலை அணை, மான் பூங்கா எல்லாம் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

ஆரியங்காவு ஐயப்பன் கோயில் ரோட்டை விடப் பள்ளத்தில் இருக்கிறது, படியிறங்கிப் போக வேண்டும். எங்கள் மதுரைக்கு இது சம்பந்தி வீடு. மதுரைச் சௌராஷ்டிர சமூகத்துப் பெண்ணான புஷ்கலையை இந்த ஐயன் மணந்தார் என்பது ஐதீகம். மார்கழியில் கல்யாணம் நடக்கும்போது எங்கள் தெருவிலிருந்தே பெண்வீட்டாராகக் கிளம்பிப் போவார்கள். நான் சௌராஷ்டிரன் இல்லை. ஆனாலும் மதுரை என்று சொன்னதும் பிரசாதக் கவுண்டரில் ஒரு சிரிப்புக் கிடைத்தது.

பாலருவிக்கு வனத்துறையே வண்டி விடுகிறது, தலைக்கு இவ்வளவு என்று சீட்டு. பேரமும் இல்லை, வெயிட்டிங் சார்ஜும் இல்லை. 300 அடி உயரத்திலிருந்து நிஜமாகவே பாலாகக் கொட்டியது. குற்றாலத்தில் வரிசையில் நின்று இடிபட்ட முதுகுக்கு இங்கே நின்றது சொர்க்கம்.

திரும்பும்போது தென்காசி பஸ்ஸில் ஏறி, "ஒரு பார்டர்" என்றேன். கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏது பார்டர்? பரோட்டா பார்டரோ?"

அவர் கேட்டதில் தப்பில்லை. கேரள எல்லை இங்கேயே மலைமேல், கோட்டைவாசலில் முடிகிறது. ஆனால் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிச் சீமையைச் சேர்ந்தது. அப்போது எல்லை கீழே, செங்கோட்டையை ஒட்டிய பிரானூரில். எல்லை மலையேறி எழுபது வருஷம் ஆகப்போகிறது, 'பார்டர்' என்ற பெயர் மட்டும் பிரானூரிலேயே உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருக்கிறது.

நானும் தின்றேன். உள்ளங்கை அகலத்துச் சின்னப் பரோட்டா, கல்லிலிருந்து எடுத்ததும் தட்டி உதிர்த்து இலையில் போடுகிறார்கள். மேலே சால்னா, கேட்காமலே மறுபடி சால்னா. கூட மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி. எட்டுப் பரோட்டா வரைக்கும் எண்ணினேன். பில் 240 ரூபாய். மூன்று நாள் செலவு 5,000-ஐத் தாண்டக்கூடாது என்று கிளம்பியவன், கையில் பஸ்ஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு எழுந்தேன். பக்கத்து இலையில் வறுத்த காடை வந்து இறங்கியது. அந்த வெயிட்டிங் சார்ஜ் 300 மட்டும் கையில் இருந்திருந்தால்!