மே மாதம் போனோம், நவம்பரில் போயிருக்க வேண்டும்

2023 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பதினான்கு பேரை இரண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு எங்கள் நகர மன்றக் கூட்டத்துக்குப் போனேன். அவர்களில் ஐந்து பேர் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் எடுத்துக்கொள்பவர்கள். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு எழுபவர்களுக்கு மாலையில் நிமிர்ந்து உட்காருவதே பெரிய காரியம். ஆனாலும் வந்தார்கள். அன்று நகரத்தின் மானியப் பங்கீடு குறித்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று நூலக அறிவிப்புப் பலகையில் பார்த்திருந்தேன். போய்ப் பேசினால் ஏதாவது கிடைக்கும் என்று நம்பினேன்.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில் ஒரு நடுத்தர நகரம். எங்கள் அமைப்பு மிகச் சிறியது. பழைய வேன் ஒன்று, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், கணக்கு எழுத நான், முறை வைத்து உதவிக்கு வரும் சிலர். நோயாளிகளை டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப அழைத்துவருவதுதான் எங்கள் வேலை. ஏழைகளுக்கான மாநில மருத்துவக் காப்பீடான மெடி-கால் இருந்தால் அதிலேயே வண்டி ஏற்பாடு உண்டு. சம்பளமோ ஓய்வூதியமோ கொஞ்சம் கூடி அந்த வரம்பைத் தாண்டிவிட்டவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். முதியவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குமான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேர் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும். நிலையத்துக்குப் போய்வரும் சாதாரண வண்டிக்குக் கொடுக்காது. எங்கள் வேனில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் இவர்கள்.

அன்றைய கூட்டத்தில் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். எங்கள் வேனில் வரும் வியட்நாமியப் பாட்டி ஒருவர் எழுந்து பேசினார். பேத்தி மொழிபெயர்த்தாள். பாட்டி ஒரு வாக்கியம், பேத்தி ஒரு வாக்கியம் என்று போனதில் பாதி நேரம் மொழிபெயர்ப்புக்கே சரியாகிவிட்டது. மகன் வேலைக்குப் போய்விட்டால் தான் எப்படிப் போவது என்று சொல்லத் தொடங்கிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டி விளக்கைப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். பேத்திதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இதை எழுதும்போதும் எனக்கு மனம் தாங்கவில்லை.

எல்லாரும் பேசி முடித்த பிறகு தலைவர் நன்றி சொன்னார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எந்த அமைப்புக்கு எவ்வளவு என்ற பட்டியல் கூட்ட நிரலோடு ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தது. விண்ணப்பத்துக்கான கடைசி நாள் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. நாங்கள் விண்ணப்பமே போடவில்லை. போட வேண்டும் என்பதே தெரியாது. வெளியே தாழ்வாரத்தில் அலுவலர் ஒருவர் பின்னாலேயே வந்து, “நீங்கள் நவம்பரில் வர வேண்டும். அப்போது யாருமே வருவதில்லை” என்றார். இந்த இரண்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

அந்தக் கோடை முழுவதும் விதிகளைப் படித்தேன். இந்தப் பணம் நகரத்தின் சொந்தப் பணம் அல்ல. 1974இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்றின் கீழ், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை ஆண்டுதோறும் நகரங்களுக்கும் மாவட்டம் போன்ற கவுண்டிகளுக்கும் மாநிலங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம். நாடு முழுவதற்கும் சேர்த்து அண்மை ஆண்டுகளில் சுமார் 330 கோடி டாலர். அதில் குறைந்தது 70 விழுக்காடு, குறைந்த வருமானமும் மிதமான வருமானமும் உள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும். அந்த வட்டாரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு உட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். மெடி-கால் வரம்பைத் தாண்டியதால் கைவிடப்பட்ட எங்கள் பயணிகள் இந்த வரம்புக்குள் அப்படியே அடங்கினார்கள்.

ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது. உணவு, போக்குவரத்து, சட்ட உதவி, குழந்தைப் பராமரிப்பு போன்ற சேவைகளுக்கு மொத்தத்தில் 15 விழுக்காடுதான் செலவிடலாம். திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் 20 விழுக்காடு வரை போகலாம். மீதிப் பணம் வீடுகளைப் பழுதுபார்க்கவும், நடைபாதை, சமூகக் கூடம் போன்ற கட்டுமானங்களுக்கும். எங்கள் நகரத்துக்குக் கிடைத்தது சுமார் 12 லட்சம் டாலர். அதில் சேவைகளுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். கேட்டு நின்றவர்கள் பத்தொன்பது அமைப்புகள். மே மாதக் கூட்டத்தில் நாங்கள் எவ்வளவு உருகிப் பேசியிருந்தாலும் இந்தக் கணக்கு அசைந்திருக்காது.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை, திட்ட ஆண்டின் வெவ்வேறு கட்டங்களில் நடக்க வேண்டும் என்பது மத்திய விதி. வரைவுத் திட்டம் வெளியாவதற்கு முன்பே ஒரு கூட்டமாவது நடந்திருக்க வேண்டும். ஊருக்கு என்ன தேவை என்று கேட்கும் கூட்டம் அது. எங்கள் ஊரில் அது நவம்பரில் நடக்கிறது. வரைவு வந்த பிறகு 30 நாள் அவகாசம் கொடுத்து, மே மாதத்தில் இறுதிக் கூட்டம். முதல் கூட்டத்தில் எந்தத் தேவை முன்னுரிமைப் பட்டியலில் ஏறுகிறதோ அதற்குத்தான் விண்ணப்பத்தில் மதிப்பெண். மே மாதக் கூட்டத்தில் அநேகமாகக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

2023 நவம்பர் கூட்டத்துக்குப் போனபோது மண்டபத்தில் அலுவலர்களையும் சேர்த்து ஒன்பது பேர். நாங்கள் மூன்று பேர் பேசினோம். இம்முறை பாட்டி பேசுவதற்கு முன் நான் எழுந்து, கலிபோர்னியாவின் பிரவுன் சட்டத்தைச் சுட்டிக்காட்டினேன். உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் திறந்த கதவோடு நடக்க வேண்டும் என்று 1953இல் வந்த சட்டம் அது. பேசுவதற்கு நேர வரம்பு வைத்தால், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி வைத்திருந்தால் மட்டும் விலக்கு. கூட்டத் தலைவர் பக்கத்தில் இருந்த வழக்கறிஞரைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். பாட்டிக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. மகன் வேலைக்குப் போகும் கதையை முழுவதும் சொல்லி முடித்தார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மீதம் இருந்தது.

பேசியதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுத்தோம். இதை நான் கற்றது விதிப் புத்தகத்தில் அல்ல, என் அப்பாவிடம். திருவாரூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்கு அப்பா தவறாமல் போவார். தீர்மானப் புத்தகத்தில் தான் சொன்னது ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். எழுதாமல் விட்டிருந்தால் எழுதும்வரை நகரமாட்டார். இங்கேயும் அதற்கு இடம் இருக்கிறது. வாய்மொழியாகவோ எழுத்திலோ வந்த கருத்துகளின் சுருக்கத்தையும், ஏற்காத கருத்துகள் எவை, ஏன் ஏற்கவில்லை என்பதையும் இறுதித் திட்டத்தோடு இணைத்துத்தான் மத்தியத் துறைக்கு அனுப்ப வேண்டும். எனவே எந்தத் தெருவில், வாரத்தில் எந்த நாளில், எத்தனை பேருக்கு வண்டி இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு மின்னஞ்சலில் பதிலும் வாங்கினேன்.

டிசம்பரில் விண்ணப்பதாரர்களுக்கான பயிற்சி வகுப்பு. அதைத் தவறவிட்டால் விண்ணப்பிக்க முடியாது என்பது எங்கள் நகரத்தின் விதி. இந்தக் கட்டத்தில் சிறு அமைப்புகள் பல சோர்ந்துபோய் விலகிவிடுகின்றன. குறைந்த வருமானத்தினரின் சார்பாக விண்ணப்பம் தயாரிக்கும் குழுக்களுக்கு உதவ வழிசெய்ய வேண்டியது நகரத்தின் பொறுப்பு என்று மத்திய விதியே சொல்கிறது. கூச்சப்படாமல் கேட்டேன். அலுவலர் ஒருவர் இரண்டு மதியங்கள் என்னோடு உட்கார்ந்து வரவுசெலவுப் பக்கத்தைச் சரிபார்த்தார். மத்திய அரசின் தளத்தில் பெற வேண்டிய, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறியீட்டுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பதிவு செய்து தருகிறோம், பணம் அனுப்புங்கள் என்று கடிதம் வந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஒருவரை ஒருமுறை கொண்டுபோய்க் கொண்டுவர எவ்வளவு ஆகிறது என்பதுதான் அவர்கள் கேட்ட முக்கியமான கேள்வி. பெட்ரோல், காப்பீடு, ஓட்டுநர் கூலி எல்லாம் சேர்த்து 26 டாலர் வந்தது. அந்த ஓர் எண்ணைச் சரியாகச் சொல்ல ஓராண்டு ரசீதுகளைத் தரையில் பரப்பி மூன்று இரவுகள் உட்கார்ந்தேன். 32,000 டாலர் கேட்டோம்.

2024 மார்ச்சில் பரிந்துரைக் குழுவின் முன் நேர்காணல். அன்று மாலையை நான் மறக்க முடியாது. பெண்கள் காப்பகம், உணவு வங்கி, வாடகைதாரர்களுக்கான சட்ட உதவி, மாலைநேரப் படிப்பகம் என்று பத்தொன்பது பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவர் சொன்னதும் உண்மை. ஒவ்வொருவர் பேசி முடித்தபோதும் நம் பங்கு குறைந்துவிடுமோ என்ற எண்ணம் எனக்கு வந்தது. அடிபட்டு வந்த பெண்களுக்கு இரவில் கதவு திறந்துவிடுபவர்களை நான் போட்டியாளர்களாகப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். இது நல்லதல்ல. 15 விழுக்காடு என்று கோடு போட்டவர்கள் இந்த அறைக்குள் இல்லை. அந்தக் கோட்டுக்குள் நெருக்கியடித்து நிற்பது நாங்கள்தான்.

எங்களுக்கு 18,000 டாலர் என்று பரிந்துரை வந்தது. அதே பட்டியலில் சட்ட உதவி அமைப்புக்கு முந்தைய ஆண்டைவிட 5,000 குறைந்திருந்தது. அவர்களை அழைத்து வருத்தம் சொன்னேன். அதை நடத்தும் பெண்மணி, “உங்கள் வண்டியில் வரும் மூன்று பேர் எங்களிடமும் வருகிறார்கள்” என்றார். மே மாத இறுதிக் கூட்டத்தில் இரண்டு அமைப்புகளும் ஒன்றையொன்று ஆதரித்துப் பேசினோம். அந்த ஆண்டு மத்திய பட்ஜெட் மார்ச்சில்தான் நிறைவேறியது. அதனால் நகரம் மதிப்பீட்டுத் தொகையை வைத்தே திட்டம் போட்டிருந்தது. உண்மையான தொகை கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ப எல்லாருடைய பங்கும் மாறும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

கிடைத்த பிறகும் பணம் கைக்கு வந்துவிடவில்லை. திட்ட ஆண்டு ஜூலை 1இல் தொடங்கியது, ஒப்பந்தம் செப்டம்பரில்தான் கையெழுத்தானது. முதலில் நாம் செலவு செய்து ரசீது கொடுக்க வேண்டும், பிறகுதான் பணம் வரும். முதல் காசோலை டிசம்பரில் வந்தது. அதுவரை நண்பர்களிடம் 8,000 டாலர் கைமாற்று வாங்கித்தான் வேன் ஓடியது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இதற்கு முன்கூட்டியே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். கைமாற்றுத் தர ஆள் இல்லாத எளிய அமைப்புகள் இந்த ஒரு காரணத்தாலேயே விண்ணப்பிக்காமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பயணிகளிடம் வருமானம் கேட்டுப் படிவம் வாங்குவதும் கடினமாகத்தான் இருந்தது. முதியவர்களுக்கு மட்டுமான சேவையாக இருந்தால் வருமானம் கேட்கத் தேவையில்லை. முதியோர், கடுமையான ஊனமுற்றோர், வீடற்றோர் போன்றவர்களைக் குறைந்த வருமானத்தினராகவே விதி எடுத்துக்கொள்கிறது. எங்கள் வேனில் எல்லா வயதினரும் இருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நான் ஏழை என்று எழுதிக் கொடுத்தால்தான் வண்டியா?” என்று கேட்டார். முப்பது ஆண்டு தச்சு வேலை செய்தவர். அவருக்கு எதிரே உட்கார்ந்து, இந்த வரம்புக்குள் முழுநேர வேலை பார்ப்பவர்களும் பலர் வருகிறார்கள், படிவத்தில் ஏழை என்ற சொல்லே இல்லை என்று காட்டினேன். ஒரு வாரம் தன் செலவில் டாக்சியில் போனார். அடுத்த வாரம் கையெழுத்திட்டார். அந்த ஒரு வாரம் அவரை வேனில் ஏற்றாமல் விட்டது தவறு என்று இப்போது தோன்றுகிறது. விதி விதிதான்; ஆனால் அந்தச் செலவை எங்கள் நன்கொடைக் கணக்கில் எழுதியிருக்கலாம்.

18,000 டாலர் என்றால், நான்கு பேருக்கு ஓராண்டு முழுவதும் வாரம் மூன்று முறை போய்வர வண்டி, அதற்கு மேல் கொஞ்சம். பாட்டி அந்த நால்வரில் ஒருவர்.

இதற்கிடையே இன்னொன்று புரிந்தது. 15 விழுக்காட்டுக்கு வெளியே இருக்கும் பெரும் பங்கைப் பற்றிப் பேச நவம்பர் கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை. டயாலிசிஸ் நிலையத்துக்கு எதிரே நடைபாதை ஓரத்தில் சக்கர நாற்காலி இறங்கச் சரிவு இல்லை. வேனை எதிர்ப்பக்கம் நிறுத்தினால் நாற்காலியை இரண்டு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும். இப்படிப்பட்ட தடையை அகற்றுவது கட்டுமானப் பங்கில் செய்யக்கூடிய வேலை. எந்தச் சேவை அமைப்பின் பணத்தையும் அது தொடாது. 2024 நவம்பரில் அதைத்தான் கேட்டோம். அளவு எடுத்து, படம் எடுத்து, எழுத்தில் கொடுத்தோம். காப்பகத்தினரும் சட்ட உதவி அமைப்பினரும் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஆண்டு அது ஏற்கப்படவில்லை. ஆனால் இறுதித் திட்டத்தின் பின்னிணைப்பில், ஏற்கப்படாத கருத்துகள் என்ற தலைப்பின் கீழ், எங்கள் கோரிக்கையும் காரணமும் அச்சில் இருக்கின்றன. பொறியியல் பிரிவு அந்தச் சந்திப்பை இன்னும் அளவிடவில்லை என்பது காரணம். அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பொறியியல் பிரிவுக்கு அனுப்பி, எப்போது அளவிடுவீர்கள் என்று தேதி கேட்டிருக்கிறேன். இன்னொரு நகல் வேனின் முன்பெட்டியில், காப்பீட்டுத் தாளோடு இருக்கிறது.