செம்மறித் தோலும் ஆவாரம் பட்டையும்

ஜனவரி 19, மஞ்சக்குப்பம், கடலூர்

வீட்டிலேயே பதனிட்டுப் பார்ப்பதற்காகக் கேட்டிருந்த செம்மறித் தோலை, உரித்த சூடு ஆறுமுன்பே கறிக்கடை பாய் கொடுத்தார். கடலோர ஊரின் ஈரக்காற்றில் தோல் விரைவாகக் கெடும் என்பதால், அதன் எடையில் பாதியளவு கல்லுப்பை உட்புறம் முழுவதும், குறிப்பாகக் கழுத்திலும் மடிப்புகளிலும், அழுத்தித் தேய்த்து, நீர் வடியுமாறு சாய்வான பலகையில் விரித்தேன்.

ஜனவரி 23

ஒட்டியிருந்த உப்பை உதறித் தனியே எடுத்த பிறகே தோலைக் கழுவி ஊறவைத்தேன். வீட்டளவில் செய்பவரும் இதில் அலட்சியம் காட்டக் கூடாது. பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்டதும், அதன்மீது 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவையே. மாலையில் சுண்ணாம்புப் பாலில் அமிழ்த்தினேன்.

ஜனவரி 29

விரலால் தள்ளினாலே முடி கழன்றது. நம் பகுதிச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது என்பதால் இதில் இழப்பில்லை. சவ்வையும் கொழுப்பையும் மழுங்கிய கத்தியால் சுரண்டிவிட்டு, எஞ்சிய சுண்ணாம்பு நீங்குவதற்காகப் புளித்த தவிட்டு நீரில் போட்டேன்.

பிப்ரவரி 2

ஆவாரம் பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றைப் பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றித் தோலை இறக்கினேன். இரும்பு பட்டால் பட்டைச் சாறு கறுத்துத் தோலில் கறை பிடிக்கும். முதல் சாறு நீர்த்தே இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகி, துவர்ப்பு உள்ளே இறங்க வழியின்றிப் போகும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை சாற்றின் வலுவைக் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும். படிகாரத்தில் வேலை விரைவாக முடியும் என்பது உண்மைதான், ஆனால் படிகாரமிட்ட தோலை நீரில் நனைத்தால் படிகாரம் கரைந்து வெளியேறிவிடும். அதற்காகவே இந்தத் தாமதத்தை மனமாரத் தேர்ந்தேன்.

பிப்ரவரி 16

விளிம்பில் சிறு துண்டை நறுக்கிப் பார்த்ததில் இருபுறமும் பழுப்பேறி, நடுவே வெளிறிய கோடு தெரிந்தது. முன்பு இராணிப்பேட்டையில் தோல் வேலை செய்த பக்கத்து வீட்டுப் பெரியவர், “நடுவுல வெளுப்பு இருக்கிற வரைக்கும் அது பச்சைத் தோல்தான் தம்பி, எடுத்துடாதீங்க” என்றார். சாற்றை இன்னும் கெட்டியாக்கினேன்.

பிப்ரவரி 27

நறுக்கிய இடம் ஒரே நிறமாக இருந்தது. ஆவாரை மட்டும் ஏறிய தோல் வெயிலில் சிவந்துவிடும் என்பதால் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறவைத்தேன்.

மார்ச் 1

ஈரத்தோலில் புங்க எண்ணெய் தடவி நிழலில் கட்டினேன். முழுவதும் காய்வதற்கு முன்பே இழுத்துப் பிசைந்தால்தான் நார்கள் ஒட்டிக்கொள்ளாமல் தோல் மிருதுவாகும்; இன்று மாலையும் நாளையும் அந்த வேலைதான்.