200 நிமிடத்தைப் பங்கு போடும் வேலை

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த சீசனில் நீ என்னதான் செய்தாய் என்று கேட்டால், பங்கு போட்டேன் என்றுதான் சொல்வேன். சர்வதேச விதிப்படி ஒரு மேட்ச் பத்துப் பத்து நிமிடமாக நான்கு குவார்ட்டர், களத்தில் எந்நேரமும் ஐந்து பேர், ஆக ஒரு அணிக்குக் கிடைப்பது மொத்தம் 200 நிமிடம். எங்களிடம் 12 பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினேழுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அப்படிப் பிரித்து ஜெயித்த அணி எதையும் நான் பார்த்ததில்லை.

டிரில், டயக்ராம், எதிரணி வீடியோ எல்லாம் ஹெட் கோச்சின் பொறுப்பு. மேட்சுக்கு முந்தைய இரவு யார் எந்த நிமிடத்தில் உள்ளே, யாரோடு யார் என்று கட்டம் போட்டு எழுதித் தருவது என் பொறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தாளில் ஒரு பெண்ணுக்கு மூன்று நிமிடம் குறைந்தால் அவள் முகம் ஒரு வாரத்துக்கு எப்படி இருக்கும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

எங்கள் இரண்டாவது பாயின்ட் கார்டை, அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளை, எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைக் கையாளும் திறமைக்குக் குறைவில்லை, ஆனால் எதிரணி களம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் முழுக்களப் ப்ரெஸ் வந்தால் பதற்றப்படுவாள். 8 விநாடிக்குள் பந்தைப் பாதிக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்ற விதி அவள் காதில் கடிகாரமாக ஓடும். இது எதிரணிக்கும் தெரிந்துவிட்டது. அவள் இறங்கிய மறுநிமிடமே ப்ரெஸ் போடுவார்கள். சரி, அவளுக்கு நிமிடமே தராமல் விட்டுவிடலாமா? அப்படிச் செய்தால் முதல் கார்டு நாற்பது நிமிடமும் ஓட வேண்டும், நான்காவது குவார்ட்டரில் அவள் போடும் ஃப்ரீ த்ரோ வளையத்தின் முன்விளிம்பைத் தாண்டாது. கால் ஓய்ந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அதனால் எதிரணியின் வேகமான கார்டு எப்போது பெஞ்சுக்குப் போகிறாள் என்று பார்த்து, அந்த இடைவெளியில் இவளை இறக்குவோம். அந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஒருமுறை நேராகவே கேட்டாள்: "மேம், என்னை ஒளிச்சு வெச்சு ஆடவைக்கிறீங்களா?" ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அப்புறம் நான் சொல்லும் எதையும் நம்பியிருக்க மாட்டாள்.

எனக்கும் ஹெட் கோச்சுக்கும் சீசன் முழுக்க ஓடிய தகராறு எங்கள் சென்டரைப் பற்றியது, கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவள். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே. முதல் குவார்ட்டரிலேயே அவள் இரண்டு வாங்கிவிடுவாள். கோச் உடனே அவளைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைப்பார், இடைவேளை முடியும்வரை எழுப்ப மாட்டார். எல்லாக் கோச்சுகளும் செய்வதுதான். ஆனால் நான் தாளை வைத்துக்கொண்டு பார்க்கிறேன்: பின்னால் வரக்கூடும் என்று பயப்படுகிற இழப்பைத் தடுக்க, இப்போதே கையிலிருக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தை நாமே எடுத்து வெளியே போடுகிறோம். பல மேட்சில் அவள் மூன்றே ஃபவுலோடு முடித்தாள். மிச்சம் வைத்த இரண்டு ஃபவுலை அடுத்த மேட்சுக்கு யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதே நேரம், கோச் பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு ஃபவுலோடு ஆடுகிற சென்டர் கையைத் தூக்கத் தயங்குவாள், எதிராளி நேராக உள்ளே வந்து லே-அப் போட்டுவிட்டுப் போவாள். கடைசியில், இரண்டு ஃபவுலோடு அவளை ஆடவைக்கலாம், ஆனால் எதிரணியில் பலவீனமான ஆளை மார்க் செய்யவைத்து என்று ஒரு சமரசத்துக்கு வந்தோம். அதற்குள் சீசனில் பாதி போய்விட்டது.

தாளில் எழுத முடியாத கணக்கும் உண்டு. வயிற்றுவலி, இடுப்புவலி என்று பீரியட்ஸ் நாளில் ஹெட் கோச்சிடம் போய்ச் சொல்ல யாருக்கும் வாய் வராது, என்னிடம்தான் வரும். காரணம் எதுவும் எழுதாமல் அவள் கட்டத்தில் இரண்டு நிமிடத்தைக் குறைத்து வேறொரு கட்டத்தில் சேர்த்துவிடுவேன். சிலர் அன்றைக்குத்தான் நிறைய ஆட வேண்டும் என்பார்கள், உட்கார்ந்தால்தான் வலி தெரிகிறதாம். ஆளுக்கு ஆள் மாறும், கேட்காமல் தீர்மானிக்கக் கூடாது.

முழங்கால் விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்கவில்லை. கூடைப்பந்தில் ஏ.சி.எல். என்ற முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் இடிப்பதுகூட இல்லை. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்ட்) குதித்து ஒற்றைக்காலில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது, முடிந்தது. அறுவைசிகிச்சை செய்து களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும், அதாவது ஒரு சீசனே போச்சு. குதித்து இறங்கும் பயிற்சியை வார்ம்-அப்பிலேயே வைத்தால் ஆபத்து கணிசமாகக் குறையும் என்பது ஆய்வுகளில் நிரூபணமானது. எங்களுக்கோ ஜிம் கிடைப்பதே ஆண்கள் அணி முடித்த பிறகு, அந்த மிச்ச நேரத்திலும் கால்மணி நேரத்தை இதற்குக் கேட்டால் கோச்சுக்குக் கோபம் வரும். பந்தும் அவர்களுடைய 7-ம் எண் பந்துதான் பாதி நாள். பெண்களுக்கு 6-ம் எண், சுற்றளவும் எடையும் குறைவு. பெரிய பந்தில் பழகிவிட்டு மேட்சில் சிறிய பந்தை வீசினால் முதல் குவார்ட்டர் முழுக்க ஷாட் நீளமாகவே போகும்.

பெண்கள் களைத்துவிடுவார்கள் என்ற எண்ணம் இந்த ஆட்டத்தில் ரொம்பப் பழசு. அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் 1892-ல் சென்டா பெரன்சன் பெண்களுக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தபோது களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது என்று வைத்தார். 1896-ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் மோதிய, கல்லூரிகளுக்கு இடையிலான முதல் பெண்கள் ஆட்டம் 2-1 என்று முடிந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஐந்து பேர் முழுக்களம் ஓடும் ஆட்டம் பெண்களுக்கு நிலைத்தது 1971-ல்தான். இதைப் படித்தபிறகு, "அவ தாங்குவாளா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்றிருக்கும். களைப்பு ஆளைப் பொறுத்தது, அதனால்தான் இந்தத் தாளே.

பெஞ்சின் கடைசியில் உட்கார்பவர்களுக்கு இந்தத் தாளில் எழுதியதும் உறுதியில்லை. ஒரு மேட்சில் முதலாண்டுப் பெண் ஒருத்திக்கு இரண்டாவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தைக் கொடுத்திருந்தேன். மேலாடையைக் கழற்றிவிட்டு, ஜெர்சியை உள்ளே சொருகிக்கொண்டு, ஸ்கோரர் மேசைப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கடிகாரம் நின்றால்தான் சப், அதாவது ஆள் மாற்றம். ஃபவுல் இல்லை, பந்து வெளியே போகவில்லை, இரண்டு பக்கமும் கூடை விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் கூடை விழுந்தால் கடிகாரம் நிற்காது. அவள் நாற்காலியின் விளிம்பில் ஒரு காலை முன்னால் வைத்தபடியே இருந்தாள். பஸ்ஸர் அடித்தது. எழுந்து வந்து, "என்ன மேம், இது கணக்குல சேருமா?" என்றாள். பெஞ்ச் முழுக்கச் சிரித்தது, அவளும் சிரித்தாள். மூன்றாவது குவார்ட்டரில் கோச்சிடம் சண்டை போட்டு அவளை இறக்கினேன்.

அரையிறுதியில் தோற்றோம். காரணம் எளிது, எதிரணி நன்றாக ஆடியது.

இறுதியாண்டுப் பெண்கள் போவதால் அடுத்த சீசனுக்கு நிறைய நிமிடம் காலியாகிறது. அந்த நாற்காலிப் பெண் இப்போதே வந்து கேட்டுவிட்டாள், மேட்சுக்கு இருபது வேண்டுமாம். பன்னிரண்டு என்று எழுதி வைத்திருக்கிறேன், ப்ரெஸ்ஸை உடைக்கக் கற்றுக்கொண்டால் பதினைந்து. அவள் இன்னும் பேரத்தை விடவில்லை.