புளியரை மேடு ஏறாமல் கார் வாங்காதீர்கள்

புது வண்டி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வண்டி பேரும் ஷோரூம் பேரும் போடவில்லை. வண்டி மேல் எனக்குக் குறை இல்லை, விற்றவர்கள் மேல்தான்.

செங்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டு வலி, கண்ணிலும் கோளாறு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போயே ஆகணும். (செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். எங்கள் தெருக் கிழடுகளுக்கு இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரம்தான், மதுரை இல்லை.) புளியரை மலைமேடு ஏறி, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே. பழைய சின்னக் கார் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டது. அதில் ஆரியங்காவு போய்ச் சேர்வதற்குள் மகள் வாந்தி எடுக்கக் கவரைக் கேட்டுவிடுவாள்.

கிரெட்டா, எலிவேட், கிராண்ட் விட்டாரா, டைகூன் என்று இந்த அளவில் இருப்பதெல்லாம் நீளத்தில் நாலேகால் மீட்டரை ஒட்டித்தான். எல்லா வீடியோவும் பார்த்தாயிற்று. தரைக்கும் வண்டிக்கும் நடுவே எலிவேட்டுக்கு 220 மி.மீ., கிராண்ட் விட்டாராவுக்கு 210, கிரெட்டாவுக்கு 190 என்று தூக்கத்திலும் சொல்வேன். டீசலை முதலிலேயே தள்ளிவிட்டேன். தினமும் பள்ளிக்கூடம், கடை என்று நாலைந்து கிலோமீட்டர்தான் ஓட்டம். அப்படி ஓட்டினால் பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் புகைக்கரி பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைக்காது, அடைத்துக்கொள்ளும். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் மேல் ஆசை இருந்தது. மைலேஜ் கேட்டாலே வாயூறும். ஆனால் டிக்கிக்கு அடியில் பேட்டரி உட்கார்ந்து நிறைய இடத்தைத் தின்றுவிடுகிறது.

முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அம்மாவையும் கிளப்பிக்கொண்டு தென்காசி போனால், "டெமோ வண்டி சங்கரன்கோவில் கஸ்டமர் வீட்டுக்குப் போயிருக்கு சார், காபி சாப்பிடுங்க." ஒன்றரை மணி நேரம். காபி மூன்று தடவை வந்தது, வண்டி வரவில்லை. அம்மா திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை. கிளம்பும் முன் போன் போட்டு, வண்டி ஷோரூம் வாசலில் நிற்பதை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வாரம் நான் அப்படித்தான் கேட்டேன். விற்பனைத் தம்பிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அனுப்பினார்.

வந்து நின்றது நான் கேட்ட மாடல் இல்லை. இன்ஜின் நான் கேட்ட 1.5 லிட்டர் சாதா (டர்போ இல்லாத) பெட்ரோல்தான், ஆனால் உச்ச மாடல், ஆட்டோமேட்டிக், கூரை முழுக்கக் கண்ணாடி. "ஓட்டம் ஒண்ணுதான் சார்" என்று பாவூர்சத்திரம் பக்கம் நாலுவழிச் சாலையில் ஏற்றிவிட்டார். அந்த ரோட்டில் எங்கள் கடைத் தள்ளுவண்டியே நல்லாத்தான் ஓடும்.

"தம்பி, புளியரை மேட்டுக்குப் போவோம்" என்றேன்.

"ஐயோ சார், பார்டர் தாண்டக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்கார்."

"பார்டர் கோட்டைவாசல்லதான இருக்கு? எஸ் வளைவு நம்ம பக்கம்தான்."

மேனேஜருக்குப் போன், மேனேஜர் இன்னொருவருக்குப் போன். கால் மணி நேரம் கழித்துத்தான் சரி என்றார்கள்.

விஷயம் அங்கேதான் தெரிந்தது. செக்போஸ்ட் தாண்டியதும் முன்னால் எம்-சாண்ட் டிப்பர், தார்ப்பாய் ஓரத்தில் தண்ணீர் சொட்ட ஊர்ந்துகொண்டிருந்தது. சாரல், ஏசி ஓடுகிறது, உள்ளே ஐந்து பேர். வளைவின் நடுவில் டிப்பர் நின்றுவிட, நானும் நின்று மறுபடி எடுத்தேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் மட்டும் நாலாயிரம் சுற்றுக்கு ஏறுகிறது, வண்டி யோசிக்கிறது. பின்னால் கேரளா பஸ் ஹாரன். இந்த சாதா பெட்ரோல் இன்ஜின்களுக்கு இழுவை 145 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான், அதுவும் முழுசாகக் கிடைப்பது 4,300, 4,500 சுற்றை ஒட்டித்தான். தாளில் நானும் படித்திருந்தேன், ஆனால் முதுகில் உறைத்தது அந்த வளைவில்தான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு லிட்டர் டர்போ இன்ஜினிலேயே 178 கிடைக்கிறது, அதுவும் 1,750 சுற்றிலிருந்து. தம்பி உடனே, "அப்ப டர்போ எடுத்துக்கங்க சார், ரெண்டு லட்சம்தான் கூட" என்றார். அந்த "தான்" காதிலேயே நிற்கிறது.

அதற்குள் பின்சீட்டில் மகள் வெளுத்துப்போயிருந்தாள். ஜன்னல் விளிம்பு அவள் கண் உயரத்துக்கு இருக்கிறது, கறுப்பு சீட், கறுப்புக் கதவு. வெளியே எதுவும் தெரியாமல் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி. ஜன்னல் உயரத்தைப் பற்றி எந்த வீடியோவிலும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து, "வெளிய என்ன தெரியுது?" என்று கேளுங்கள். "வானம்" என்று சொன்னால் அந்த வண்டி வேண்டாம். கண்ணாடிக் கூரைக்காக மேல்பகுதி இறங்கியிருந்ததில் அம்மாவின் கொண்டை வேறு இடித்தது.

"எய்யா, இதுல ஏறணும்னா எனக்கு முக்காலி ஒண்ணு வாங்கிப் போடு" என்றார் அம்மா இறங்கும்போது.

அடுத்த ஷோரூமுக்குக் கடையிலிருந்து அளவு டேப் எடுத்துப் போனேன். முதலில் சிரித்தார்கள். டிக்கியில் அம்மாவின் வாக்கரையும் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டையும் ஏற்றியபோது சிரிப்பு நின்றது. அம்மா வீட்டில் எழுந்து உட்காரும் கட்டில் உயரத்தை அளந்து வைத்திருந்தேன். பின்சீட்டு அதைவிட நாலு விரலுக்கு மேல் உயர்ந்தால் ஏற முடியாது, தாழ்ந்தால் எழுந்திருக்க முடியாது. இந்த வண்டி ஒத்து வந்தது. டர்போ, மேனுவல், ஜன்னலும் இறக்கமாக இருந்தது. இதுவும் புளியரை ஏறியது, இரண்டாவது கியரில், முனகாமல். வீட்டுக்கும் கொண்டுவந்து, சாக்கடை மேல் போட்ட சரிவில் ஏற்றி, கேட்டுக்குள் நுழைத்துப் பார்த்தேன். வண்டி அகலம் என்று அவர்கள் சொல்வது பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமல். கண்ணாடியோடு அளந்தால் இருபுறமும் நாலு விரல்தான் மிச்சம். போதும்.

விலைக்கு வந்தோம். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியதும் "எல்லாக் காரும் 18 சதவீதம்" என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அது நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன இன்ஜின் வண்டிக்கு. இந்த அளவுக்கு 40. முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு 45 வரை வந்ததால் கொஞ்சம் இறக்கம், அவ்வளவே. தமிழ்நாட்டில் 10 லட்சம் தாண்டினால் சாலை வரியே 18 சதவீதம், அதைக் கேட்டுத்தான் மனைவி இரண்டு நாள் யோசித்தாள். கொட்டேஷனில் "ஹேண்ட்லிங்" என்று ஒரு வரி இருந்தது. என்ன கையாண்டீர்கள் என்று கேட்டேன், அடித்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் அவர்களிடமே எடுக்கணும் என்று கட்டாயம் கிடையாது. வெளியே விசாரித்து, அதே கவரேஜ் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று காட்டியதும் அவர்களே இறங்கி வந்தார்கள்.

டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால், ஷோரூம்காரர்கள் வண்டி நிறுத்தும் யார்டுக்குப் போனதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. குனிந்து டயர் ஓரத்தில் செல்போன் வெளிச்சம் அடித்தேன். DOT எழுத்தின் கடைசி நாலு எண் 4824. அதாவது 2024-ன் 48-வது வாரம். நாங்கள் நிற்பது 2025 அக்டோபர். "டயர்தான் சார் பழசு, வண்டி புதுசு" என்றார் ஒருவர். நாலு டயரிலும் ஸ்டெப்னியிலும் அதே வாக்கில்தான் இருந்தது. தயாரிப்பு மாதம் போட்ட தாளைக் கேட்டேன், டிசம்பர் 2024. ஆர்.சி.யில் அதுதான் ஏறும், நாளைக்கு விற்கும்போது ஒரு வருஷம் கூடுதல் வயதாகத்தான் கணக்குப் பண்ணுவான். வேறு வண்டி தராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கு "செப்டம்பர் வண்டி ஒண்ணு வருது சார்" என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. பிடித்த நிறம் போச்சு, வெள்ளைதான் கிடைத்தது.

மீதி ஒன்று இன்னும் முடியவில்லை. 10 லட்சத்துக்கு மேல் வண்டி வாங்கினால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே நம் பேரில் வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பில்லைப் பார்த்தால் என் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. என் பதிமூன்றாயிரத்துச் சொச்சம் யாரோ ஒரு புண்ணியவான் கணக்கில். நம்பர் பிளேட், சாவி, பூங்கொத்து என்று படம் எடுக்கும் அவசரத்தில் நானும் பில்லைப் படிக்கவில்லை. கேக் வெட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

போன ஞாயிறு அம்மாவோடு முதல் பயணம். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் தாண்டி, தென்மலையும் தாண்டியாயிற்று, மகள் கவரைக் கேட்கவில்லை. "பான் திருத்தியாச்சா?" என்று வழியிலேயே ஷோரூமுக்குப் போன் போட்டேன், ஞாயிறு என்பதே மறந்துபோய். திங்கட்கிழமை எடுத்தவர் "அக்கவுன்ட்ஸ் மேடம் லீவு சார்" என்றார். நாளைக்கு நேரிலேயே போகிறேன். புது வண்டியில்தான், காபி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.