செயலி வீட்டைக் காட்டும், வைப்புத்தொகையை வாங்கித் தராது

கோலாலம்பூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே பிராப்பர்ட்டிகுரு, ஐபிராப்பர்ட்டி என்று வீடு தேடும் செயலிகளில் துழாவத் தொடங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் என்ன வாடகை ஓடுகிறது, செந்தூலில் என்ன என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) வாடகை வீடு என்றால் இரண்டு மாத வைப்புத்தொகை 3,600, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் 900, முதல் மாத வாடகை 1,800. ஆக 6,300 வெள்ளி கொடுத்தால்தான் சாவி. பத்திரச் செலவு தனி. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது.

வில்லங்கம் காலி செய்யும்போதுதான் வரும். ஏர்கான் ஒழுகுகிறது, சுவரில் ஆணி அடித்திருக்கிறது என்று கழித்துக்கொண்டே போவார்கள். சாவி வாங்கிய அன்றே அறை அறையாகக் காணொளி எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மின் மீட்டர் அளவும் அதில் தெரியட்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியாயிற்றா என்றும் கேளுங்கள். கட்டாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. 5,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே சிறுதொகை வழக்குப் போடலாம். மேலே சொன்ன 3,600-ம் 900-மும் சேர்ந்து 4,500; அதற்குள் அடங்கிவிடும்.

'இந்தியர் வேண்டாம்' என்று முகவர் சொல்லும்போது எந்தச் செயலியும் உதவாது. வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சளவில்தான் இருக்கிறது. சட்டத்தின் பலம் என்னவென்று பினாங்கைக் கேட்டால் தெரியும்: 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. 1997-இல் அதை நீக்க முடிவெடுத்தார்கள். 2000 பிறந்ததும் கட்டுப்பாடு விலக, அங்குள்ள ஜார்ஜ்டவுன் நகரின் கடைவீடுகளில் வாடகை எகிறி, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள். நிறைய வீடு கட்டினால் வாடகை தானே இறங்காதா என்பீர்கள். தொழிற்சாலையில் வார்த்த சுவர்களை அடுக்கி இன்று வேகமாகக் கட்டலாம்தான். நிலத்தின் விலையும், அதில் எத்தனை மாடி எழுப்பலாம் என்ற அனுமதியும் கிரேன் தீர்மானிக்கிற சமாச்சாரமா என்ன?

வெளிநாட்டவர் கோலாலம்பூரில் வீடு வாங்கக் குறைந்தபட்ச விலை 10 லட்சம் வெள்ளி. ரெசிடென்சி விலாயா போன்ற மலிவு வீடுகள் குடிமக்களுக்கே. அதனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள்தான். நகருக்கு வெளியே காஜாங் பக்கம் வாடகை குறைவு என்று பாய்ந்துவிட வேண்டாம். மாதம் 50 வெள்ளிக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றும் மை50 அட்டையும் குடிமக்களுக்கு மட்டும்தான். தினசரி எம்ஆர்டி ரயில் கட்டணத்தை வாடகையோடு கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.