நீர்ப் பங்கீட்டுத் தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு

டர்பனில் நீர் மேலாண்மை படித்தபோது எல்லோரும் பயந்த தாள், பல நாடுகளுக்குப் பொதுவான ஆறுகளின் நீர்ப் பங்கீடு. சட்டப் பிரிவுகளை நெட்டுருப் போட்டு எழுதினால் தேறலாம், அவ்வளவுதான். கேள்வி எப்போதும் வறட்சி ஆண்டைத்தான் சுற்றிவரும். ஆறு நிரம்பி ஓடும் வருஷத்தில் யார் சண்டை போடுகிறார்கள்?

முதலில் ஒரே ஆற்றை முழுசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது கொமாட்டி. நம் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, எஸ்வாட்டினிக்குள் போய், மறுபடி நம்மிடம் வந்து, பிறகு இன்கோமாட்டி என்ற பெயரில் மொசாம்பிக் போகிறது. ஆக நாமே மேல்மடை, நாமே கீழ்மடை. இதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அடுத்து ஆற்றை வரைந்து, எஸ்வாட்டினியின் மகுகா அணை, லோமாட்டி கிளையாற்றில் நம் ட்ரீகோப்பிஸ் அணை, கீழே கரும்பு வயல்கள் என்று குறியுங்கள். (1860இலிருந்து நம் முன்னோரை நேட்டாலுக்குக் கப்பலேற்றிய கரும்பு இங்கேயும் விடவில்லை!) இரண்டு அணைகளையும் நமக்கும் எஸ்வாட்டினிக்கும் இடையிலான 1992 உடன்படிக்கையின்படி ஒரே கூட்டு ஆணையம் பார்த்துக்கொள்கிறது.

கணக்குக் கேள்வி வந்தால் அவசரப்பட்டு எல்லோருக்கும் ஒரே சதவீதம் வெட்டாதீர்கள். வழக்கமான 100 பங்கில் குடிநீர் 15, ஆற்றின் உயிரோட்டத்துக்கு 15, பாசனம் 70 என்று வைப்போம். இந்த ஆண்டு வந்தது 70. முதல் இரண்டையும் தொடாமல் விட்டால் பாசனத்துக்கு மிஞ்சுவது 40. அதாவது சுமார் 43 சதவீத வெட்டு. விவசாயி கொதிப்பார்தான். ஆனால் நம் 1998 தேசிய நீர்ச் சட்டம் அடிப்படை மனிதத் தேவையையும் ஆற்றின் சூழலையும்தான் முதலில் ஒதுக்கிவைக்கச் சொல்கிறது.

பலர் விட்டுவிடுவது மரத் தோட்டங்களை. வணிகத்துக்கு வளர்க்கும் யூகலிப்டஸும் பைனும் மழைநீரை ஆற்றுக்கு வரும் முன்பே குடித்துவிடும். அதனால் இதே சட்டம் அதை நீரோட்டத்தைக் குறைக்கும் செயலாகவே கணக்கில் வைக்கிறது. மூன்று நாடுகளின் 2002 இன்கோமாட்டி, மபுட்டோ இடைக்கால ஒப்பந்தத்திலும் காடுவளர்ப்புக்குத் தனி இடம் உண்டு. இதைத் தொட்டால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒப்பிட்டு எழுதச் சொன்னால் காவிரி கைகொடுக்கும். 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு விட வேண்டியதை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. ஆனால் ஆண்டுக் கணக்கைவிட, ஜூனில் எவ்வளவு, ஜூலையில் எவ்வளவு என்ற மாதக் கணக்கில்தான் குறுவை பிழைக்கிறது.

பன்னாட்டு ஆறுகள் பற்றிய 1997 ஐ.நா. உடன்படிக்கையில் 5, 7 பிரிவுகள் போதும். நியாயமான பங்கு என்று மேல்மடை 5ஐக் காட்டும், பெருந்தீங்கு செய்யாதே என்று கீழ்மடை 7ஐக் காட்டும். இரண்டையும் ஒரே பத்தியில் மோதவிட்டு எழுதுங்கள்.