வளவில் ஒரு குட்டி

கூடையைத் திறந்தும் பூனைக்குட்டி வெளியே வரவில்லை.

அப்புறம் ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு காலை வைத்தது. சில்லென்றிருந்ததோ என்னவோ, சட்டென்று இழுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. நேரே போய் வளவின் முற்றத்து வெயிலில் உட்கார்ந்துவிட்டது.

"மாட்டுப்பால் வேண்டாம் ஆச்சி, வயிற்றுக்கு ஆகாது. வேகவைத்த மீன் கொடுங்க" என்றேன்.

"நானே சைவம். இதுக்கு மீனா?" என்றவர், சமையல்காரரைக் கூப்பிட்டார்.

சாக்கடையோரம் எடுத்த குட்டி. இதை வளர்க்க, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீடு கிடைக்க மூன்று வாரம் அலைந்தேன். தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள், பாதிக்கு மேல் பூட்டுத்தான் தொங்குகிறது. இந்த வீட்டிலும் ஆச்சி மட்டும்தான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். கல்யாணம் என்றால்தான் எல்லா அறையும் திறக்கும்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"கழுத்துல மணி கட்டிரட்டுமா? பின்கட்டுக்குப் போச்சுன்னா எங்க தேடுவேன்?"